பின் சீட்டின் உயரம்

ஏப்ரல் 6
(எழுதியது. அனுப்பவில்லை.)

முன் சீட்டுக்கு,

அன்று ஏற்றத்தின் அடியில் நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்ற?" என்று கேட்டீர்கள். பல் டாக்டரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சரி" என்றேன். முட்டி வலித்தது உண்மைதான். ஆனால் அந்த "சரி" முட்டியிலிருந்து வரவில்லை.

காலையிலிருந்தே எதிர்காற்று. மிதிக்க மிதிக்க நம் இரட்டைச் சீட் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. முந்தின வாரம் ஒரு விடுதியில் பழக்கமாகி, நம்மோடு ஒட்டிக்கொண்ட அந்தப் பல் டாக்டர், தன் ஒற்றைச் சீட் சைக்கிளில் நமக்குப் பக்கத்திலேயே வந்தாள். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தீர்கள். காற்றில் எனக்குப் பேச்சு பாதிதான் கேட்டது. சிரிப்பு மட்டும் முழுதாகக் கேட்டது. அவள் சிரித்தால் அவள் தொழிலுக்கு அவளே விளம்பரம். அப்புறம் மழை, மழையோடு அந்த நீண்ட இறக்கம், அது முடிந்ததும் ஏற்றம். ஏற்றத்தில் வண்டி அசையவே மாட்டேன் என்றது. நான்தான் கனம் என்று எனக்கே தோன்றியது.

"நீங்க என் வண்டியை எடுத்துக்குங்க. லேசா இருக்கும். நான் பின்னாடி உட்கார்ந்து மிதிக்கறேன்" என்றாள். அவள் என்னைவிட உயரம். நீங்கள் குனிந்து திருகாணியைத் தளர்த்தி என் சீட்டை உயர்த்தினீர்கள். என் உயரம் தெரிவதற்காகச் சீட்டுத் தண்டில் நீங்களே சுற்றிவைத்த சிவப்பு டேப், குழாய்க்கு மேல் நாலு விரல் எழும்பி நின்றது.

இந்தச் சைக்கிள் பயணம் கிளம்பின நாளிலிருந்து நான் உங்கள் முதுகு ஒன்றைத்தான் பார்த்து வருகிறேன். அன்று நான் அவள் வண்டியில் பின்னால் வந்தபோது இரண்டு முதுகுகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே தாளத்தில் அசைந்தன. இருவர் ஓட்டும் சைக்கிளில் அப்படித்தான் அசையும். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் தானே சுற்றும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்தேன். முதல் வளைவிலேயே என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டீர்கள்.

நான் மேலே வந்து சேர்ந்தபோது நீங்கள் டீயே குடித்து முடித்திருந்தீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே, "அப்பா! இன்னிக்குத்தான் வண்டி ஓடின மாதிரி இருக்கு" என்றீர்கள்.

மறுநாள் என்னை அக்கா வீட்டுக்கு ஏற்றிவிட வந்த பஸ் நிலையத்தில், "நானும் கூட வர்றேன்" என்றீர்கள். முந்தின நாள் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை அங்கே சொன்னேன். "வேண்டாம். நீங்க போங்க. முட்டி சரியானதும் கடைசி ஏத்தத்துக்கு முன்னாடி வந்து சேர்ந்துக்கறேன்." "போன் பண்றேன்." "பண்ணாதீங்க, சண்டை வரும். தங்கற இடமெல்லாம் எனக்குத் தெரியுமே. எழுதுங்க."

நான் படித்த நாவல்களில் பொறாமைப்படுகிறவர்கள் விஷத்தைத் தேடுகிறார்கள், துப்பாக்கியைத் தேடுகிறார்கள். நான் அக்கா வீட்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஒரு சைக்கிள் சீட் இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கிறேன். இதை உங்களுக்கு அனுப்ப முடியாது.


ஏப்ரல் 8

முன் சீட்டுக்குப் பின் சீட் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், என் இடது முட்டி ஒன்றைத் தவிர. உங்களுக்குச் சளி விட்டதா? ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எலும்பு டாக்டர் ஒரு மாதம் ஓய்வு என்கிறார். சவ்வு வீங்கியிருக்கிறதாம். அக்கா என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை. கட்டிலுக்குச் சாப்பாடு வருகிறது, கூடவே திட்டும் வருகிறது.

மாமாவுக்கு நம் வண்டியை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. "பின்னாடி உட்கார்றவங்களுக்கு என்னதான் வேலை? திருப்ப முடியாது, கியர் மாத்த முடியாது, பெல்கூட கிடையாதா?" என்றார். "மிதிக்கறதுதான் மாமா." "அதைத்தான் நான் இந்த வீட்ல இத்தனை வருஷமா பண்றேன்" என்றார். அது அக்கா காதிலும் விழுந்தது.

ஒரே ஒரு லீவர் என் கையில் உண்டு என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். இறக்கத்தில் அதை இழுத்தால் பின் சக்கரத்தின் பிரேக் மெல்லப் பிடித்துக்கொள்ளும். இழுத்தபடியே நிற்கும். ஏற்றம் வந்ததும் நாமேதான் தள்ளி விடவேண்டும். நீங்கள் "ஏத்தம்" என்று குரல் கொடுப்பதையும், நான் "விட்டாச்சு" என்று பதில் சொல்வதையும் நடித்தே காட்டினேன். "கல்யாணம்னா இவ்வளவுதானே, இதுக்கு எதுக்கு சைக்கிள்?" என்று அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பல் டாக்டரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பின் சீட்


ஏப்ரல் 15

அன்புள்ள பின் சீட்டுக்கு,

சளி போய்விட்டது. வெயிலில் கழுத்துக்குக் கீழே வெள்ளை, மேலே கறுப்பு என்று இரண்டு ஆளாக இருக்கிறேன். உன் முட்டி எப்படி? ஒரு மாதம் என்றால் ஒரு மாதம். "ஒரு நாள் முன்னாடி எழுந்தா என்ன" என்று அக்காவோடு பேரம் பேசாதே.

காற்று திசை மாறிவிட்டது. நேற்று ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் நிறுத்தினேன். பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக்கொண்டு, "முன்னாடி இருக்கறவர் தூங்கினா என்ன ஆகும், பின்னாடி இருக்கறவர் தூங்கினா என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். லீவு போட்டுவிட்டு வந்த கணக்கு வாத்தியாருக்கும் கேள்வித்தாள் வருகிறது பார். பக்கத்துக் கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

டாக்டர் உன் முட்டியைப் பற்றி விசாரித்தார். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், ஐஸ்தான் வைக்க வேண்டும் என்கிறார்.

வண்டி நன்றாக ஓடுகிறது.

உன்,
முன் சீட்


ஏப்ரல் 21

முன் சீட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பு தேவலை. நீங்களும் அங்கே நலமாக இருப்பீர்கள், கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வண்டி நன்றாக ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி.

முட்டியைப் பற்றிப் பல் டாக்டர் சொன்னதை எலும்பு டாக்டரிடம் சொன்னேன். ஐஸ் வைக்கிறேன்.

சும்மா இருக்க முடியவில்லை என்று, நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குச் சொல்லியனுப்பினேன். முதலாளி ஒரு கட்டு அனுப்பியிருந்தார், பிழை பார்த்துத் தரச் சொல்லி. பிரித்தால், "பற்களைப் பேணுவது எப்படி" என்று ஒரு கையேடு. இவ்வளவு உற்சாகமாக நான் எதையும் திருத்தியதில்லை. சிவப்பு மை தீர்ந்து மாமாவின் பேனாவை வாங்கினேன்.

அக்காதான் தினம் ஒன்று ஆரம்பிக்கிறாள். "ரெண்டு பேர் ஓட்டற சைக்கிள்ல ஒருத்தி இறங்கி வந்துட்டா மிச்சம் எத்தனை பேர்டி? கணக்கு வாத்தியார் பொண்டாட்டிதானே, சொல்லு பாப்போம்." "ஒருத்தர்." "ஒருத்தர் அதை ஓட்ட முடியுமா?" "முடியும். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்." "ஆடுதாமா?" என்று கேட்டுவிட்டு துணி காயப்போடப் போனாள். நான் அதற்கெல்லாம் காது கொடுப்பதில்லை.

ஒரு சின்ன விஷயம். சீட்டுத் தண்டில் இருந்த சிவப்பு டேப் மழையில் கழன்றுவிட்டதா? அந்தப் பசை அவ்வளவு நல்ல பசை இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

பின் சீட்


ஏப்ரல் 29

அன்புள்ள பின் சீட்டுக்கு,

நீ நடக்க ஆரம்பித்திருப்பாய் என்று நினைக்கிறேன். மாடிப்படி மட்டும் வேண்டாம்.

இங்கே வெள்ளம். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. விடுதியை விட்டு வெளியே போக முடியாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு வாளி வைத்திருக்கிறார்கள், இன்னொன்றுக்கு என் ஹெல்மெட்டைக் கொடுத்திருக்கிறேன். விடுதிக்காரர் சீட்டுக்கட்டு கொண்டுவந்தார். எனக்கு ஆட்டம் வராது என்பது உனக்குத் தெரியும். டாக்டர் எல்லாரையும் தோற்கடித்துவிட்டார்.

சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். முன் டயரை மாற்றினேன். நீ கேட்ட மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

உன்,
முன் சீட்


மே 6

அன்புள்ள பின் சீட்டுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு விடுதி தாண்டிவிட்டேன். இரண்டிலும் உன் கடிதம் இல்லை. தபால் தாமதம் என்று முதலில் நினைத்தேன். அக்காவின் பழைய கடிதம் ஒன்று வழிமாறி வந்தது, உன்னுடையது வரவில்லை.

இங்கே விடுதியின் முன் மேஜையில் இருப்பவர் கேட்டார்: "தினம் வந்து லெட்டர் வந்துச்சான்னு கேக்கறீங்களே, ஏதாவது வேலைக்கு ஆர்டரா சார்?" "இல்லைங்க, வீட்லேருந்து." "அப்ப ஆர்டர்தான்" என்றார்.

இருபதாம் தேதி வாக்கில் கடைசி விடுதிக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் அந்த ஒரு ஏற்றம்தான். ஏறி இறங்கினால் கடல், கலங்கரை விளக்கம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எவ்வளவு நாள் காத்திருக்க முடியுமோ அவ்வளவு நாள் அங்கே காத்திருப்பேன். நீ இல்லாமல் அதில் ஏறமாட்டேன். வருவாயா?

கோபமா? கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

உன்,
முன் சீட்


மே 7

வணக்கம்.

முட்டி ஆறிவருகிறது என்று உங்கள் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போட்டோ அனுப்ப வேண்டும் என்று சொல்லி இந்த முகவரியையும் அவரிடமே வாங்கினேன். போட்டோ எதுவும் இல்லை. மன்னிக்கவும்.

நான் நாளை வேறு சாலையில் பிரிகிறேன். போவதற்கு முன் இரண்டு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் போன பிறகு என் பின் சக்கரத்தின் விளிம்பு வெடித்துவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் உங்கள் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். உங்கள் கணவர் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். எழுதவில்லை என்று பிறகு அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சக்கரம் கிடைத்ததும் என் வண்டிக்கு மாறிவிட்டேன். அப்புறம் அவர் தனியாகத்தான் ஓட்டுகிறார். வண்டி கொஞ்சம் ஆடுகிறது.

இன்னொன்று. அன்று ஏற்றத்தில் நான் உங்கள் சீட்டில் உட்கார்ந்தபோது லீவர் பாதி இழுத்தபடி இருந்தது. பிரேக் பிடித்தபடியேதான் நீங்கள் அதுவரை ஏறியிருக்கிறீர்கள். நான் சத்தம் போடாமல் விட்டுவிட்டேன். அவர் முன்னால் சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். மேலே போனதும் தனியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மேலே அவர், இன்றைக்குத்தான் வண்டி ஓடியது என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட் எனக்குச் சின்னது.

அன்புடன்,
பல் டாக்டர்


மே 12

முன் சீட்டுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. படி ஏறுகிறேன், இறங்குகிறேன். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான்தான் எழுதவில்லை.

டாக்டர் எழுதியிருந்தார், அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நல்ல கையெழுத்து. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் அவர் என் சீட்டில் உட்கார்ந்து வந்ததை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், நிச்சயமாக. எழுதாததால், இரண்டு நாளுக்குப் பதில் ஒரு மாதம் முழுக்க நானே மனசுக்குள் அவரை அங்கே உட்கார வைத்திருந்தேன். சாப்பிடும்போதும் உட்கார்ந்திருந்தார், பல் தேய்க்கும்போதும் உட்கார்ந்திருந்தார். டேப்பைப் பற்றிக் கேட்டேன். "மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வந்தது. வாத்தியாருக்குத் தெரியாதா, கேட்ட கேள்வியைவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் விடை எழுதுகிறவன் ஏன் எழுதுகிறான் என்று?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று இறக்கம் முடிந்து நீங்கள் "ஏத்தம்" என்றீர்கள். நான் "விட்டாச்சு" என்றேன். விடவில்லை. அவர் அப்போது பக்கத்தில் வந்து, தலையிலிருந்த மழைத்தண்ணீரை உதறிக்கொண்டே உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். என்ன சொன்னார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வாய் வழக்கம்போலச் சொல்லிவிட்டது. கை கைப்பிடியிலேயே இருந்தது. என் முட்டியோடு உங்கள் முட்டியையும் சேர்த்து நான்தான் தேய வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதும்வரை எனக்கே இது தெரியாது.

அவர் அப்படி என்னதான் சொன்னார்? இதற்காவது விடை எழுதுங்கள்.

பின் சீட்
(இன்னும் அதுதான் என்றால்)


மே 19

அன்புள்ள பின் சீட்டுக்கு,

நீ படி ஏறுகிறாய் என்று படித்ததும் விடுதிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசி விடுதிக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் ஏற்றம் தெரிகிறது. அதனால் மூடியே வைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னது: "உங்க வண்டியில ஏதோ கருகற வாசனை வருது, மதியச் சாப்பாடா?" அதற்குத்தான் சிரித்தேன்.

பிரேக் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். சீட்டை உயர்த்தக் குனிந்தபோது பின் சக்கரத்தின் நடுவில், பிரேக் இருக்கும் இடத்தில், கை பட்டது. சுட்டது. அப்புறம் டாக்டர் உட்கார்ந்ததும் வண்டி லேசாகிவிட்டது. நீ கோபத்தில் வேண்டுமென்றே இழுத்து வைத்திருந்தாய் என்று முடிவு கட்டிவிட்டேன். காலையிலிருந்து நீ பேசவில்லை, அதோடு கூட்டிப் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், மேலே உன் காதில் விழட்டும் என்றே, "இன்னிக்குத்தான் வண்டி ஓடின மாதிரி இருக்கு" என்று சொன்னேன். உன்னைக் குத்தத்தான் சொன்னேன். அது டாக்டருக்குப் பாராட்டாகப் போய்ச் சேர்ந்தது எனக்கு இப்போதுதான் தெரியும்.

பஸ் நிலையத்தில் நீ "வேண்டாம்" என்றபோது, அது பிரேக்கின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் உட்கார்ந்து வந்ததை எழுதாதது பயத்தால். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப்பார்த்தேன், இல்லை.

டேப்: சீட்டைப் பழையபடி இறக்கும்போது குழாயில் உரசிக் கிழிந்துவிட்டது. புதிது வாங்கிச் சுற்றியிருக்கிறேன், அதே சிவப்பு. உயரத்தை நினைவிலிருந்து வைத்தேன். சரியா என்று நீ வந்து உட்கார்ந்தால்தான் தெரியும்.

உன்,
முன் சீட்


மே 22

முன் சீட்டுக்கு,

எலும்பு டாக்டர் சரி என்றுவிட்டார். அக்கா இன்னும் சரி சொல்லவில்லை, ஆனால் பையில் துணியை அவள்தான் மடித்து வைக்கிறாள். நாளை மறுநாள் பஸ் ஏறுகிறேன்.

சீட்டில் வேறு யாரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம், விடுதிக்காரரைக்கூட.

பின் சீட்


ஜூன் 3

அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நீயும் மாமாவும் சுகம்தானே? முட்டி தாங்கிவிட்டது. அவருக்கு மறுபடியும் சளி.

கடைசி ஏற்றம் என்ன ஆச்சு என்று நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன். சீட் ஒரு விரல் உயரமாக இருந்தது. அவர் காற்று அடிக்கும் பம்ப்பைத் திருப்பித் தரப் போயிருந்தபோது நானே இறக்கிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

காலையில் கிளம்பினோம். மழையில்லை, காற்றில்லை, எங்களைத் தவிரச் சாலையில் யாருமே இல்லை. "ஏத்தம்" என்றார். "விட்டாச்சு" என்றேன். கொஞ்ச தூரம் போய், "நிஜமாவே விட்டாச்சா?" என்றார். "வேணும்னா இறங்கிப் பாருங்க." "இல்ல, சும்மா கேட்டேன்." அவர் கேட்டதற்காக ஒரு தடவையும், எனக்காக ஒரு தடவையும் லீவரைத் தொட்டுப் பார்த்தேன். முழுக்க விட்டுத்தான் இருந்தது.

அப்படியும் வண்டி அன்று போலவே கனமாக இருந்தது. மூன்றாவது வளைவில் இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, உச்சி வரை தள்ளிக்கொண்டு போனோம்.